கவிழ்த்து வைத்த சுரைக்கோப்பை

எங்கள் கடலோரப் பேட்டை புக்கோமில் சோச்சோவின் அடுப்படியைத் தெரியாத குத்துச்சண்டைக்காரன் கிடையாது. கென்கி அவிக்கிற கொட்டகைதான். புளித்த சோளமாவை உருண்டை பிடித்து, சோளத்தோகையில் இறுகச் சுற்றி, இடுப்புயர அண்டாக்களில் அடுக்கி விறகைத் தள்ளிவிடுவாள். தகரக் கூரை, தகரச் சுவர். ஆவி வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே சுற்றும். சண்டைக்கு முன்னால் எடை குறைக்க வேண்டியவர்கள் கம்பளித் தொப்பி போட்டு, உடம்பெல்லாம் பிளாஸ்டிக் சாக்கைச் சுற்றிக்கொண்டு, அந்த அண்டாக்களுக்கு நடுவில் வந்து உட்காருவார்கள். பபிள்கம்மை மென்று மென்று எச்சிலைத் தகர டப்பாவில் துப்புவார்கள். எச்சிலும் எடைதானே. இதற்கு எங்கள் ஊரில் காயப்போடுவது என்று பேர். மீனுக்கும் அதே வார்த்தைதான், மனிதனுக்கும் அதே வார்த்தைதான். யாருக்கும் அது தப்பாகப் பட்டதில்லை.

இப்போது சோச்சோ யாரையும் உள்ளே விடுவதில்லை. போன மாதம் ஒருவன் சாக்கும் கையுமாக வந்து நின்றான். மாவு கிண்டும் மரத்துடுப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "போய் வெயில்ல உக்காரு, கடல்ல விழு, எங்கயோ போய்த் தொலை. என் அடுப்படியில ஒருத்தனும் காயக் கூடாது." சாம்பியன் பெண்டாட்டிக்குத் திமிர் வந்துவிட்டது என்று சந்தில் பேசிக்கொண்டார்கள். பேசுகிறவர்களுக்கு வேறு வேலை என்ன? அவளுக்கு வந்தது திமிர் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

சோச்சோ அவள் அப்பாவுக்கு நாலாவது பெண். எங்கள் கா இன ஜனங்களிடம் நாலாவது பெண்ணுக்குப் பெயர் தேட வேண்டியதில்லை. சோச்சோ என்ற பெயர் அவள் பிறக்கும் முன்பே தயாராக இருக்கும். இரட்டைப் பிள்ளைகளுக்கும் அப்படித்தான்: மூத்தவன் ஓக்கோ, இளையவன் அகுவேத்தே. சோச்சோவின் அம்மா கென்கி விற்ற காலத்தில் அந்தப் பெயர் கொண்ட இரண்டு பேர் ஜிம்மிலிருந்து நேரே அவர்கள் கூடைக்கு வருவார்கள். முகம் ஒன்று, முதுகு ஒன்று, முன்பல் இடைவெளிகூட ஒன்று. பேச்சில்தான் ஏணி வைத்தாலும் எட்டாத வித்தியாசம். ஓக்கோ வாயைத் திறந்தால் அன்று மழை வரும். அகுவேத்தே வாயை மூடினால் மழை வரும்.

கையிலும் வித்தியாசம் உண்டு. ஓக்கோ வலது கைக்காரன். அகுவேத்தே இடது. இடது கையால் கொடுப்பதும் வாங்குவதும் எங்கள் பக்கம் மூஞ்சியில் துப்புவதற்குச் சமம். அவன் அம்மா சின்ன வயசில் அந்தக் கையைத் துணியால் கட்டிப் போட்டுக்கூடப் பார்த்தாள். ரிங்கில் அந்த இடது கை விழுந்தால் எதிராளி எழுந்திருப்பதில்லை என்று தெரிந்ததும் ஊர் அவனைத் திருத்துவதை விட்டுவிட்டது. சோச்சோ மட்டும் விடவில்லை. கென்கிக்கு இடது கை நீண்டால் துடுப்பால் ஒன்று வைப்பாள்.

"வலது கையால வாங்குடா, மரியாத கெட்டவனே."

"அது தூங்குது, நாலாங்குட்டி. நீயே வந்து எழுப்பு."

அவளை நாலாங்குட்டி என்று கூப்பிட்டவன் உலகத்திலேயே அவன் ஒருத்தன்தான். அவளுக்கு அது பிடிக்காது. ஓக்கோவுக்கு அதைவிடப் பிடிக்காது. அந்த வார்த்தையை அவன் ஒரு நாளும் வாயில் எடுத்ததில்லை.

அகுவேத்தே செத்தது காயப்போட்டதில். நூற்று இருபத்தாறு பவுண்டுக்குள் வர வேண்டிய சண்டை. கடைசி இரண்டு பவுண்டு இறங்க மாட்டேன் என்றது. கோச் அலோட்டே அவனைக் கம்பளியில் சுற்றி, கண்ணாடியெல்லாம் ஏற்றிய காருக்குள் உச்சி வெயிலில் உட்கார வைத்தார். வெளியே காவலுக்கு ஓக்கோ, கையில் தண்ணீர் பாட்டிலோடு. எடை பார்த்த பிறகுதான் கொடுக்க வேண்டும் என்று கோச் சொல்லியிருந்தார். தண்ணி, தண்ணி என்று உள்ளேயிருந்து கேட்டது கண்ணாடி வழியாக லேசாகத்தான் வந்தது. ஓக்கோ கொடுக்கவில்லை. சத்தம் நின்றபோது, அப்பாடா, தூங்கிவிட்டான் என்று நினைத்துக்கொண்டான்.

அதன் பிறகு கோச் தன் கையால் ஒருவனையும் காயப்போடவில்லை. பூட்டிய காரில் தனியாகச் சாவதற்குப் பதில் ஆள் நடமாடுகிற இடத்தில் காயட்டும் என்று சோச்சோதான் தன் அடுப்படியைத் திறந்துவிட்டாள். நாக்கு ஒட்டிக்கொண்டவனுக்கு ஈரத்துணி கொடுப்பாள். கண் செருகுகிறவனை உதைத்து வெளியே தள்ளிவிடுவாள். அவள் அடுப்படியில் ஒரு உயிரும் போனதில்லை. அதில் அவளுக்கு உள்ளூரப் பெருமைதான்.

ஓக்கோவைக் கட்டிக்கொண்ட அன்று மாமியார் அவளிடம் இரண்டு சுரைக்கோப்பைகளைக் கொடுத்தாள். மாமியாரை எல்லோரும் அவோ என்பார்கள், அம்மா என்று அர்த்தம். ஒரே சுரைக்காயை இரண்டாக அறுத்துச் செய்த கோப்பைகள். எது எது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

"மூத்தவனுக்கு வலது பக்கம், இளையவனுக்கு இடது பக்கம்" என்றாள் அவோ. "இருக்கிறவனுக்கு எது குடுத்தாலும் போனவனுக்கும் வை. ரெண்டையும் இவனே குடிச்சிடுவான். ஆனா வைக்காம மட்டும் இருந்துடாதே."

ஓக்கோ சுவரில் முதுகைச் சாய்த்துப் பாயில் உட்காருவான். சோச்சோ எதிரே குனிந்து, வலது பக்கம் ஒன்று, இடது பக்கம் ஒன்று என்று வைப்பாள். அவன் ஒன்றை முடித்துவிட்டு மற்றதை எடுப்பான். கல்யாணம் ஆன நாளிலிருந்து இது ஒரு நாளும் தவறியதில்லை.

பட்டச் சண்டை வந்த வருஷம் ஓக்கோவுக்கு முப்பத்து நாலு வயசு. ஊர்ப் பையன்களின் பயிற்சிக்கு அடி வாங்கியே வயிறு கழுவியவன். யாரோ ஒருத்தன் கை உடைந்து விலகியதால், தேசியப் பட்டத்துக்கு மோதும் வாய்ப்பு இவன் மடியில் வந்து விழுந்தது. ஹோமோவோ அறுவடைத் திருவிழா சனிக்கிழமை சண்டை. எடை நூற்று இருபத்தாறு. அதே எடை.

"வேணாம் ஓக்கோ" என்றாள் சோச்சோ. "உன் உடம்பு இப்ப நூத்தி நாப்பதுக்கு மேல. அதுக்குக் கீழ இழுத்தா எலும்புதான் மிஞ்சும்."

"இந்த எடைக்குத்தான் அவன் செத்தான். நானும் இறங்கலேன்னா அவன் எதுக்குச் செத்தான்?"

சொல்லிவிட்டு ஜிம்முக்குக் கிளம்பிவிட்டான். பேசாதவனோடு எப்படிச் சண்டை போடுவது? அவன் செத்துவிடாமல் அந்த எடைக்குக் கொண்டுவந்து சேர்ப்பது தன் தலையில் விழுந்த வேலை என்று அவள் ஏற்றுக்கொண்டாள். அவளுக்குப் பட்டம் வேண்டாம், பெல்ட் வேண்டாம். புருஷன் உயிரோடு வீட்டுக்கு வர வேண்டும், அவ்வளவுதான்.

பயிற்சி தொடங்கியது மேளத்துக்குத் தடை போடுகிற மாதத்தில். விதைத்த சோளம் நிம்மதியாக முளைக்கட்டும் என்று ஊரே வாயைப் பொத்திக்கொள்ளும் மாதம் அது. மேளம் கிடையாது, ஒலிபெருக்கி கிடையாது, சாவு வீட்டில்கூட ஓங்கி அழக் கூடாது. ஜிம்மில் மணியைக் கந்தல் சுற்றிக் கட்டிவிட்டார்கள். ரவுண்டு முடிந்தால் கோச் சிவப்புத் துண்டை ஆட்டுவார்.

அந்த அமைதியில் ஓக்கோ தன் உடம்பைப் போட்டு அடித்தான். இடுப்பில் படகுக் கயிறு, கயிற்றின் முனையில் லாரி டயர். அதைக் கடற்கரை ஈர மணலில் பழைய கோட்டைச் சுவர் வரைக்கும் இழுத்துக்கொண்டு ஓடுவான். திரும்பி வந்ததும் சம்மட்டியால் அதே டயரை அடிப்பான். மணல் வாளியின் கைப்பிடியைத் துணி சுற்றிப் பல்லில் கடித்துக் கழுத்தால் தூக்குவான். ஒரு அடி வாங்கினால் தலை ஆடக் கூடாது, அதற்காக. கைத்தோல் கிழியாமலிருக்க முஷ்டிகளை உப்பு கரைத்த வாளியில் முக்கி வைப்பான். பிறகு மல்லாந்து படுப்பான். சோச்சோ மணல் திணித்த தோல்பந்தை நெஞ்சுயரத்திலிருந்து அவன் வயிற்றில் போடுவாள். பந்து விழும்போது அவன் மூச்சை விடுகிற சத்தம் கேட்டு அடுத்ததை மெதுவாகப் போடுவாள். "போடு, போடு, மீன் விக்கிறவ மாதிரி தடவாதே" என்பான். மதியம் ரிங்கில் அவன் ஒருத்தனே நிற்க, களைக்காத ஆட்களாக மூன்று பேர் மாறி மாறி வந்து அடிப்பார்கள். துண்டு ஆடும் வரை அவன் உட்காரக் கூடாது.

ஒரு செவ்வாய்க்கிழமை. செவ்வாயன்று எங்கள் ஆட்கள் கடலில் இறங்குவதில்லை, அன்று கடல் ஓய்வெடுக்கும். படகில்லை, மேளமில்லை, ஆளில்லை. கொட்டகைக்குப் பின்னால் ஓக்கோ கயிறு தாண்டிக்கொண்டிருந்தான். மாவு உருட்டிக்கொண்டிருந்த சோச்சோ கையை நிறுத்தினாள். கயிறு தரையைத் தட்டுகிற சத்தம் டக், டக் என்று சீராக வர வேண்டும். ஒவ்வொரு டக்குக்கும் பின்னால் இன்னொரு டக், அரை மூச்சு தள்ளி, கேட்டது. யாரோ கூடச் சேர்ந்து தாண்டுகிறார்கள் என்று எட்டிப் பார்த்தாள். அவன் மட்டும்தான் இருந்தான்.

"உன் கூட யாரு தாண்டுறா?"

"யாரும் இல்லியே."

"ரெண்டு கயிறு சத்தம் கேக்குது."

அவன் கயிற்றைக் கையில் சுருட்டினான். அவள் முகத்தைப் பார்க்காமல், "உனக்கும் கேக்குதா?" என்றான்.

அன்றிலிருந்து அவளுக்குப் பயம் பிடித்தது. மணலில் அவன் ஓடிவிட்டு வந்த தடத்தைப் போய்ப் பார்ப்பாள். டயர் இழுத்த பள்ளம் எல்லாவற்றையும் அழித்திருக்கும்.

தடை முடிந்து மேளம் திரும்பி வந்தது, திருவிழா நெருங்கியது. கடைசி வாரம் காயப்போடத் தொடங்கினாள். நூற்று முப்பது வரை இறங்கியவன் அங்கேயே நின்றுவிட்டான். அண்டாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவன் விட்ட வேர்வையில் சாக்கு சளசளக்கும். எச்சில் டப்பா நிரம்பும். அவன் சாப்பாடு ஒரு கரண்டி கஞ்சி, குடிப்பது ஒரே ஒரு வாய் தண்ணீர். கோச்சின் தராசில் ஏறினால் முள் நூற்று முப்பதிலேயே நிற்கும். வேர்த்ததெல்லாம் எங்கே போனது?

"உன் புருஷன் திருட்டுத்தனமா குடிக்கிறான்" என்றார் கோச்.

"அவன் உதட்டைப் பாருங்க கோச். வெடிச்சு ரத்தம் வருது. குடிக்கிறவன் உதடா அது?"

ஆனால் சந்தேகம் அவளுக்கும் விழுந்துவிட்டது. அந்த வாரம் முழுக்க ஓக்கோவின் கோப்பையில் ஒரு வாய்தான் ஊற்றினாள். போனவனுக்குக் குறை வைக்கக் கூடாதே, அகுவேத்தேவின் கோப்பையை நிரப்பி வைத்தாள். ஓக்கோ அதைத் தொட மாட்டான். காலையில் அதை எடுத்துக் கடலில் ஊற்ற வேண்டியது அவள் வேலை. ஊற்றுவதற்கு ஒன்றும் இருப்பதில்லை. ஒவ்வொரு காலையிலும் கோப்பை காலி.

புதனன்று அவள் ஒரு வேலை செய்தாள். நிரம்பிய கோப்பையைச் சுற்றிலும் சோளமாவைச் சல்லடையில் சலித்து, ஒரு பல்லி நடந்தாலும் தடம் தெரிகிற மாதிரி தூவிவிட்டாள். காலையில் வந்து பார்த்தபோது மாவு தூவியது தூவியபடி கிடந்தது. ஒரு விரல் தடம் இல்லை, எறும்பு போன கோடுகூட இல்லை. நடுவில் கோப்பை ஈரம்கூட இல்லாமல் காய்ந்திருந்தது. பக்கத்தில் ஓக்கோ வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தான், நாக்கு சாம்பல் நிறத்தில்.

சோச்சோ ஓடிப்போய்க் கோச்சிடம் சொன்னாள். கோச் அலோட்டே சிரிக்கவில்லை. அவருக்கு இருந்த கேலி வாய்க்கு அது பெரிய விஷயம்.

"தாகத்தோட போனவன்" என்றார். "அவன் குடிக்கிறது எல்லாம் இவன் உடம்புல ஏறுது. அந்தக் கோப்பைய கவுத்துடு."

"அவோ வைக்காம இருக்காதேன்னு சொன்னாங்க."

"அப்போ நாளைக்கு எடைக்கு வர மாட்டான். இவனும் விட மாட்டான், இன்னும் காயுவான். நான் ஒருத்தனைப் பார்த்துட்டேன். இன்னொருத்தனைப் பார்க்க என்னால முடியாது, சோச்சோ."

வீட்டுக்கு வந்தாள். ஓக்கோ பாயில் உட்கார்ந்திருந்தான். கண் இரண்டும் குழிக்குள் போயிருந்தன. தோளைத் தொட்டால் உடம்பு அடுப்புக்கல்லாகச் சுட்டது, ஒரு சொட்டு வேர்வை இல்லை. வேர்வை நின்றுபோனால் அடுத்து என்ன என்று இந்த ஊரில் அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? அவனுக்கு எதிரே குனிந்து, தன் இடது பக்கம் இருந்த கோப்பையைக் கையில் எடுத்தாள்.

"மன்னிச்சுக்கோடா அகுவேத்தே" என்றாள் மெல்ல. "ஒரு நாள்தான். உன் அண்ணனுக்காக."

கோப்பையைத் தரையில் கவிழ்த்தாள். மற்றதில் ஒரு வாய் தண்ணீர் ஊற்றினாள். அவள் கவிழ்த்த கோப்பையை ஓக்கோ விரலால் ஒரு தடவை தொட்டுப் பார்த்தான். பிறகு அந்த ஒரு வாயைக் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை காலை எடை. எங்கள் ஊரில் அது இரட்டையர்களின் நாளும்கூட. தெருவெல்லாம் வெள்ளைத் துணி கட்டிய இரட்டைப் பிள்ளைகள், மூலிகைத் தண்ணீர் நிரம்பிய பாத்திரத்தைத் தலையில் சுமந்து ஆடுகிறவர்கள், மேளம், கூச்சல். அதற்கு நடுவே ஓக்கோ தராசில் ஏறினான். முள் நூற்று இருபத்தாறில் நின்றது. ஒரே ராத்திரியில் நாலு பவுண்டு. கோச் முகத்தைத் துண்டில் புதைத்துக்கொண்டு அழுதார். தராசிலிருந்து இறங்கிய ஓக்கோ விசிலடித்தான். இத்தனை வருஷத்தில் அவன் விசிலடித்து சோச்சோ கேட்டதில்லை. சந்தோஷம் போல என்று அவளும் சந்தோஷப்பட்டாள்.

வீட்டில் அவோ காத்திருந்தாள். டெஷியிலிருந்து டிரோட்ரோ வேன் பிடித்து, இரட்டையர்களுக்குப் படைக்கிற உணவோடு வந்திருந்தாள்: பனையெண்ணெய் விட்டு மசித்த சேனைக்கிழங்கு, மேலே முழு முட்டைகள். மகனைப் பாயில் உட்கார வைத்தாள். இரண்டு தட்டில் பங்கிட்டாள். ஒரு தட்டை அவனுடைய வலது பக்கம் வைத்து, "மூத்தவனுக்கு" என்றாள்.

"மாத்தி வைக்கிறீங்க, அவோ" என்றாள் சோச்சோ. "ஓக்கோவுது இந்தப் பக்கம்ல. வலது."

"வலதுதானே வெச்சிருக்கேன்?"

"எனக்கு இதுதானே வலது?"

அவோவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உன் வலது யாருக்குடி வேணும்? பரிமாறுறவ இன்னைக்கு நானு, நாளைக்கு நீ. நிலையா உக்காந்திருக்கிறவன் இவன். இவனோட வலதுதான் கணக்கு."

தட்டுக்குப் பின்னால், ஓக்கோவின் வலது பக்கத்தில், அந்தக் கோப்பை கவிழ்ந்து கிடந்தது.

எதிரே குனிந்து சோச்சோ இடது என்று வைத்ததெல்லாம் அவனுக்கு வலது. இத்தனை வருஷமும் அவன் இரண்டையும் குடித்ததால் எதை எங்கே வைத்தாலும் ஒன்றுதான். இந்த ஒரு வாரம்தான் அவள் இரண்டையும் பிரித்தாள். நிரப்பி நிரப்பி வைத்ததும், தடமில்லாமல் காலியானதும் ஓக்கோவின் கோப்பை. ஓக்கோ தன் வாயால் குடித்ததெல்லாம், வாய் வாயாக, அகுவேத்தேவின் கோப்பையிலிருந்து. அவள் கவிழ்த்தது தன் புருஷனை.

பாய்ந்து அதை நிமிர்த்தினாள். அவசரத்தில் தண்ணீர் பாதி பாயில் கொட்டியது. விளிம்பு வரை ஊற்றி அவன் வாய்க்கு நேரே நீட்டினாள்.

"ஓக்கோ, இதைக் குடி. மொதல்ல இதைக் குடி."

அவன் அதைப் பார்த்தான், தனக்குச் சம்பந்தமில்லாத ஒன்றைப் பார்ப்பது போல. "அது வேணாம், எனக்கு இது போதும்" என்று தன் இடது பக்கத்துக் கோப்பையை எடுத்து நீட்டினான். எடுத்த கை இடது கை. "இதுல ஊத்து. நிறைய ஊத்து."

இடது கையைக் கண்டதும் பழைய பழக்கத்தில் அவோவின் கை அடிக்க ஓங்கியது. ஓங்கிய கை அப்படியே நின்றது. மகனின் முகத்தை உற்றுப் பார்த்தாள். பிறகு அந்தக் கை மெதுவாக இறங்கி அவன் தலையைத் தடவத் தொடங்கியது.

"குடிப்பா" என்றாள். "நல்லா குடி. எவ்வளவு வேணுமோ குடி."

அவன் குடித்தான். பானை காலியாகும் வரை குடித்தான். சோச்சோ அவோவை வெளியே இழுத்துக்கொண்டு வந்தாள்.

"உள்ள இருக்கிறது யாரு?"

"என் பிள்ளை."

"எந்தப் பிள்ளை, அவோ?"

"பெத்தவகிட்ட அப்படிக் கேக்காதே" என்றாள் அவோ. அவள் கண்ணில் தண்ணீர் இருந்தது, வருத்தம் இருந்ததாகச் சோச்சோவுக்குத் தெரியவில்லை. பெற்றவளுக்கு இரண்டும் ஒன்றாக இருக்கலாம். கட்டியவளுக்கு எப்படி ஒன்றாகும்?

சண்டையைப் பற்றி புக்கோமில் இன்றைக்கும் பேசுகிறார்கள். எதிராளியான குமாசிக்காரன், வலது கைக்கார ஓக்கோவுக்குத் தயாராகி வந்திருந்தான். மணி அடித்ததும் இவன் கால் மாற்றி, இடது கையைப் பின்னால் வைத்து நின்றான். "என்னடா பண்றே, மாறி நில்லு" என்று கத்திய கோச், இரண்டாவது ரவுண்டில் கத்துவதை நிறுத்திவிட்டார். நாலாவது ரவுண்டில் அந்த இடது கை விழுந்தது. குமாசிக்காரன் எழுந்திருக்கவில்லை. அரங்கமே எழுந்து குதித்தது. பெல்ட்டைக் கட்டிக்கொண்டு இவன் மூலைக்கு வந்து, சிரித்தபடி, கோச்சின் பக்கம் இடது கையை நீட்டினான். "என்ன கோச், இப்பவாவது தண்ணி குடுப்பீங்களா?" கோச் அலோட்டே கையைத் தொடவில்லை. கூட்டத்துக்குள் இறங்கிப் போனவர் அதற்குப் பிறகு ஜிம் பக்கம் தலை வைத்துப் படுக்கவில்லை.

மறுநாள் காலை, வந்தவர்களெல்லாம் போன பிறகு, அவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். சோச்சோ மாவுக் கையோடு வாசலில் நின்றாள். வாங்கிய அடியில் தடுமாறியிருப்பான், இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் முன்பல் இடைவெளி தெரியச் சிரித்தான்.

"என்ன நாலாங்குட்டி, துடுப்பை எங்க காணோம்? தண்ணி குடு."

அவள் ஊற்றினாள். வேறு என்ன செய்வாள்? தாகத்தில் செத்தவனுக்கு இல்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

அவன் நல்லவன்தான். குடித்துவிட்டு வந்து அடிப்பதில்லை, சிரிக்க வைக்கிறான், பட்டத்தை இரண்டு தடவை காப்பாற்றிக்கொண்டான். தெருவில் எல்லோரும் ஓக்கோ என்றுதான் கூப்பிடுகிறார்கள், அவனும் திரும்பிப் பார்க்கிறான். சோச்சோ மட்டும் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை விட்டுவிட்டாள்.

தினமும் இரண்டு கோப்பையும் வைக்கிறாள், இப்போது சரியான பக்கத்தில். இடது பக்கத்துக் கோப்பையை அவன் ஒரே மூச்சில் காலி செய்கிறான். வலது பக்கத்ததைத் தொடுவதில்லை. காலையில் போய்ப் பார்ப்பாள். பானைத் தண்ணீரே வற்றிப் போகிற ஹர்மத்தான் என்கிற வறட்டுக் காற்றடிக்கும் மாதத்தில்கூட அது ஊற்றியபடியே விளிம்பு வரை நிற்கும். சுற்றிலும் மாவு தூவிக்கூடப் பார்த்துவிட்டாள். அந்தத் தண்ணீரைக் கடலில் ஊற்றிவிட்டு, கழுவி, மறுபடி நிரப்பி, பாயில் இருக்கிறவன் காதில் விழாதபடி குனிந்து சொல்வாள்:

"ஓக்கோ, ஒரு வாயாவது குடிச்சிடு."

இன்று காலையும் போய்ப் பார்த்தாள். ஒரு சொட்டும் குறையவில்லை.